வரைபடத்தில் இல்லாத மாளிகை

செங்கோட்டையைக் கட்டியவர் யார் என்று கேட்டால் நம் காலனிக் குழந்தைகள் ஷாஜகான் என்று உடனே விடை தருவார்கள். குதுப்மினாருக்கும் அவர்கள் தயங்குவதில்லை. ஆனால் புது டில்லியின் வட்டமான பாராளுமன்ற மாளிகையைக் கட்டியவர் யார் என்று வினவினால், "வெள்ளைக்காரர்கள் கட்டினார்கள்" என்ற பொதுவான விடையோடு பெரியவர்களும் நின்றுவிடுகிறோம். சற்று விவரம் அறிந்தவர்கள் லட்யன்ஸ் என்பார்கள். வேறு சிலர் பேக்கர் என்பார்கள். இரண்டு விடைகளிலும் பாதி உண்மை உண்டு. முழு உண்மை என்னவெனில், அம்மாளிகையை ஒரு கை வரையவில்லை. ஒரு தலைமுறையும் அதை முடித்துவிடவில்லை. நூறாண்டுக் காலமாக ஒருவர் பின் ஒருவராகக் கட்டடக் கலைஞர் பலர் அதன்மீதும் அதன் அருகிலும் தம் கைவண்ணத்தைப் பதித்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவர்கூடத் தாம் எண்ணிய வண்ணமே அது பயன்படக் கண்டாரில்லை. அந்த வரலாறு நம் தேசத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பதால், தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் அதை அறிந்து கொள்ளுதல் நன்று.

திட்டத்தில் இடமில்லை

1911-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் டில்லியில் நடந்த தர்பாரில், இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றப்படும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். மூன்று நாள் கழித்து நகரின் வடபால் அடிக்கல்லும் நாட்டப்பெற்றது. பின்னர் அவ்விடம் தக்கதன்று எனக் கருதப்பட்டு, தெற்கே ரெய்சினாக் குன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. நகரை வகுப்பதற்காக 1912-இல் ஸ்விண்டன், பிராடி, எட்வின் லட்யன்ஸ் என்னும் மூவர் அடங்கிய குழு வந்தது. அடுத்த ஆண்டில் ஹெர்பர்ட் பேக்கர் என்பாரும் பணியில் சேர்க்கப்பட்டார். வைசிராய் மாளிகை, அதாவது பின்னாளைய ராஷ்டிரபதி பவன், லட்யன்ஸுக்கு உரியதாயிற்று. அதன் முன்னே இருபுறமும் நிற்கும் நார்த் பிளாக், சவுத் பிளாக் என்னும் செயலகக் கட்டடங்கள் பேக்கருக்கு உரியவாயின.

இத்திட்டத்தில் சட்டமன்றத்துக்கு என்று தனியாக ஒரு கட்டடம் இல்லை! அக்காலத்துச் சட்ட சபை வைசிராயின் ஆலோசனைச் சபையே அன்றி வேறன்று. ஆகவே வைசிராய் மாளிகைக்கு உள்ளேயே ஒரு கூடம் ஒதுக்கினால் போதும் என்று எண்ணினர். ஆட்சி நடத்துபவருக்குக் குன்றின் உச்சி. அலுவலருக்கு அதன் இருமருங்கு. மக்களின் பிரதிநிதிகளுக்கோ ஓர் உள்ளறை. தலைநகரின் வரைபடமே அன்றைய ஆட்சியின் இலக்கணத்தை நமக்கு எடுத்துக் காட்டிவிடுகிறது.

1919-ஆம் ஆண்டின் அரசியல் சீர்திருத்தச் சட்டம் இந்நிலையை மாற்றியது. மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என நாம் பள்ளியில் படித்தது இதுவே. இதன்படி 145 உறுப்பினர் கொண்ட சட்டசபை, 60 உறுப்பினர் கொண்ட மேல்சபை என இரு அவைகள் தோன்றின. சுதேச மன்னர்களுக்கென மூன்றாவதாக ஒரு மன்றமும் ஏற்பட்டது. இத்தனை பேரையும் வைசிராய் மாளிகையின் ஒரு கூடத்தில் அமர்த்த முடியுமா? புதிய மாளிகை ஒன்று வேண்டியதாயிற்று. அதுவரை சட்டசபை டில்லியின் வடபகுதியிலுள்ள பழைய செயலகத்தில் கூடி வந்தது. அக்கட்டடம் பிற்காலத்தில் டில்லிச் சட்டமன்றமாக ஆயிற்று.

ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் போன்றோருக்குத் திருத்திய மதிப்பீடு என்பது நன்கு பழகிய சொல். முதலில் ஒரு பாலத்துக்கு அனுமதி வாங்குவர், பாதி வேலை நடந்தபின் இன்னும் ஒரு பாதை வேண்டும் என்பர், மதிப்பீடு திருத்தப்படும். இந்திய மக்களின் பிரதிநிதிகளுக்கு டில்லியில் ஒரு கட்டடம் கிடைத்ததும் அவ்வாறே, திருத்திய மதிப்பீட்டில்தான். இடமும் அதற்கேற்பவே அமைந்தது. இந்தியா கேட்டிலிருந்து வைசிராய் மாளிகைக்கு நேரே செல்லும் பெருஞ்சாலையில் அதற்கு இடமில்லை. அச்சாலையை விட்டு விலகி, குன்றின் அடியில், வட செயலகத்துக்கு அப்பால் ஓர் ஓரத்தில் அது வைக்கப்பட்டது.

நண்பர் இருவரின் பிணக்கு

லட்யன்ஸும் பேக்கரும் இளமையிலேயே நண்பர்கள். லண்டனில் எர்னஸ்ட் ஜார்ஜ் என்னும் கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் இருவரும் தொழில் பயின்றனர். பேக்கர் தென்னாப்பிரிக்கா சென்று, பிரிட்டோரியா நகரில் யூனியன் கட்டடங்களை அமைத்துப் புகழ் பெற்றார். டில்லி வேலைக்கு அவரைத் துணையாகக் கொள்வதில் லட்யன்ஸுக்கு மகிழ்ச்சியே.

அம்மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. செயலகங்களும் குன்றின் உச்சியிலேயே அமைய வேண்டும் என்றார் பேக்கர். லட்யன்ஸ் இசைந்து, 1913-இல் கையொப்பமும் இட்டார். அதனால் நேரும் விளைவைப் பின்னரே உணர்ந்தார். செயலகங்களுக்கு இடையே குன்றேறும் சாலையின் சரிவு, அதாவது ரயில் பாதை போடுவோர் கிரேடியண்ட் என்று சொல்வது, செங்குத்தாக அமைந்துவிட்டது. ஆகையால் கீழே விஜய் சௌக்கிலிருந்து மேலே நடந்து செல்பவரின் கண்ணுக்கு வைசிராய் மாளிகை சிறிது சிறிதாக மறைந்து, கவிமாடம் மட்டுமே எஞ்சுகிறது. இதனை இன்றும் எவரும் நடந்து பார்த்து அறியலாம். சரிவைக் குறைக்கும்படி லட்யன்ஸ் ஆண்டுக் கணக்காக வாதாடினார், பயனில்லை. நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்றதைப் போலத் தாம் "பேக்கர்லூ"வில் தோற்றதாக மனம் கசந்து சொன்னார். லண்டன் மாநகரின் சுரங்க ரயில் பாதைகளுள் ஒன்றுக்கு 1906 முதற்கொண்டே பேக்கர்லூ என்பதுதான் பெயர். அச்சிலேடையின் சுவை ரயில்வேக்காரர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே விளங்கும்.

இந்தப் பிணக்கின் நடுவில்தான் சட்டமன்றக் கட்டடம் பேக்கரின் கைக்கு வந்தது. அவர் முதலில் வரைந்தது வட்டமன்று, முக்கோண வடிவம். மன்றங்கள் மூன்று, ஆகவே சிறகுகள் மூன்று, மூன்றும் கூடும் நடுவிடத்தில் ஒரு கவிமாடம். கணக்குப் பொருத்தமாகவே இருந்தது. லட்யன்ஸ் இதனை ஏற்கவில்லை. வட்ட வடிவமே நகரின் அமைப்புக்கு ஏற்றது என்று உறுதியாக நின்றார். புதிய தலைநகர்க் குழுவும் 1920-ஆம் ஆண்டில் லட்யன்ஸின் கருத்தை ஏற்றுக் கொண்டது. சரிவு வழக்கில் தோற்றவர் இங்கே வென்றார்.

எனினும் கட்டும் பொறுப்பு பேக்கரிடமே இருந்தது. நண்பரின் வட்டத்தைத் தாம் வரைந்தாக வேண்டும்! மனங்கசந்து பணியை விட்டு விலகியிருக்கலாம். அல்லது ஏனோதானோ என்று முடித்திருக்கலாம். பேக்கர் இரண்டும் செய்யவில்லை. வெளியே முழு வட்டம். உள்ளே, நடுவில் ஒரு பெருங்கூடம். அதனைச் சூழ மூன்று அரைவட்ட மன்றங்கள். மன்றங்களுக்கு இடையே மூன்று முற்றங்கள். உற்று நோக்கினால் அவர் விரும்பிய மூன்று சிறகுகளும் வட்டத்துக்குள்ளே அடங்கியிருப்பது புலப்படும். தோற்ற வாதத்தையும் வீணாக்காமல், வென்ற வாதத்தையும் சிதைக்காமல், இரண்டையும் ஒரு கூரையின் கீழ்க் கொண்டு வந்தார். கட்டடத்தின் உருவம் லட்யன்ஸுடையது, உறுப்பெல்லாம் பேக்கருடையவை. ஆகவே இருவர் பெயரையும் சேர்த்தே சொல்வதுதான் முறை.

மத்தியப் பிரதேசத்தில் மொரேனா மாவட்டத்து மிதாவலி என்னும் ஊரில், குன்றின் மேல் அறுபத்து நான்கு யோகினியர் கோயில் ஒன்று வட்டமாக விளங்குகிறது. அதைப் பார்த்தே பாராளுமன்றத்தை வரைந்தனர் என்று கூறுவோர் பலர். இரண்டும் தோற்றத்தில் ஒத்திருப்பது மெய்யே. ஆயினும் கோயிலை முன்மாதிரியாகக் கொண்டிருந்தால் பேக்கர் முதலில் முக்கோணத்தை வரைந்திருப்பானேன்? வட்டம் பிறந்தது நண்பர் இருவரின் வாதத்தில் என்பதை நிகழ்ச்சிகளின் வரிசையே காட்டுகிறது.

கல் வந்த வழி

1921-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் கன்னாட் கோமகன் அடிக்கல் நாட்டினார். கட்டி முடிக்க ஆறு ஆண்டு சென்றது. செலவு 83 லட்சம் ரூபாய். வட்டத்தின் குறுக்களவு 560 அடி. சுற்றளவு மைலில் மூன்றில் ஒரு பங்கு. பரப்பு ஏறத்தாழ ஆறு ஏக்கர். வாயில்கள் 12. முதல் மாடியின் திறந்த தாழ்வாரத்தைச் சுற்றி 144 தூண்கள். ஒவ்வொன்றும் 27 அடி உயரம். நடுக்கூடத்துக் கவிமாடத்தின் குறுக்களவு 98 அடி, உயரம் 118 அடி. வடிவில் மேனாட்டு முறை மேலோங்கினாலும், வெயிலைத் தடுக்கும் நீண்ட சஜ்ஜாக்களும், பளிங்கில் குடைந்த ஜாலிகளும், உள்ளும் புறமும் அமைந்த நீரூற்றுகளும் நம் நாட்டு மரபைச் சேர்ந்தவை. டில்லியின் கோடையை ஒரு முறை அனுபவித்தவர் எவரும் சஜ்ஜாவின் அருமையை உணர்வர். பேக்கரும் உணர்ந்தார் போலும்.

புது டில்லிக்கு வேண்டிய மணற்கல் பெரும்பாலும் தோல்பூர்ப் பகுதியிலிருந்து வந்தது. கல்லையும் மண்ணையும் வேலையிடங்களுக்குக் கொண்டு செல்வதற்கென்றே "இம்பீரியல் டில்லி ரயில்வே" என்னும் பெயரில் ஒரு சிறு ரயில் பாதையும் போடப்பட்டது. நகரம் எழும்பியதும் அது எடுக்கப்பட்டுவிட்டது. அப்பாதையில் ஓடிய வண்டிகளின் கணக்கை எழுதி வைத்த எழுத்தரை எந்த வரலாறும் குறிப்பிடவில்லை. குறிப்பிடும் என்று அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பாராளுமன்ற மாளிகைக்குக் கல்லையும் பளிங்கையும் செதுக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 2,500 கல்தச்சரும் கொத்தரும் உழைத்தனர். ராஜஸ்தானத்துக் கிராமங்களிலிருந்து குடும்பத்தோடு வந்து, வேலையிடத்துக்கு அருகே குடிசையிட்டுத் தங்கிய கூலியாட்கள் பலர். அவர்களுள் தலையில் கல்லும் மண்ணும் சுமந்த பெண்களும் உண்டு. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து இந்நகரை உருவாக்கிய முதற்குடியேறிகள் அவர்களே. நாமெல்லோரும் அவர்களுக்குப் பின்னே வந்தவர்கள்.

1927-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் வைசிராய் இர்வின் பிரபு மாளிகையைத் திறந்து வைத்தார். மறுநாள் சட்டசபை அங்கே கூடியது. இரண்டு ஆண்டு சென்று, 1929 ஏப்ரல் 8-ஆம் நாள், பகத் சிங்கும் படுகேஸ்வர தத்தரும் அச்சட்டசபைக் கூடத்தில் குண்டு வீசித் தம்மைப் பிடித்துக் கொள்ளும்படி நின்றனர். 1933-34-இல் கோவை ஆர். கே. சண்முகம் செட்டியார் அச்சபையின் தலைவராக வீற்றிருந்தார். 1935 முதல் தீரர் சத்தியமூர்த்தியின் குரல் அங்கே முழங்கிற்று. சலுகையாகக் கொடுத்த கட்டடத்தை மக்கள் தம் உரிமைக்களமாக்கிக் கொண்ட காலம் அது.

நூலகம் மன்றமாயிற்று, மன்றம் நூலகமாயிற்று

பேக்கர் வகுத்தபடி, கவிமாடத்தின் கீழுள்ள நடுக்கூடம் உறுப்பினர்களின் நூலகமாக இருந்தது. 1946-ஆம் ஆண்டில் அரசியல் நிர்ணய சபை கூட வேண்டிய காலம் வந்தது. மூன்று மன்றங்களுள் எதுவும் அதற்குப் போதவில்லை. ஆகவே புத்தக அலமாரிகளை அகற்றி, ஆசன வரிசைகளை இட்டு, ஒளியும் ஒலியும் குளிர்காய வெப்பமும் அமையுமாறு நடுக்கூடத்தைத் திருத்தினர். புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் எவரும் இதற்கு வரவில்லை. பொறியாளரும் தச்சரும் மின்பணியாளரும் செய்த வேலை இது. ஆயினும் அம்மாளிகையில் நடந்த மாற்றங்களுள் இதனினும் பெரியது ஒன்றில்லை என்பேன்.

1946 டிசம்பர் 9-ஆம் நாள் 207 உறுப்பினர்கள் அக்கூடத்தில் முதன்முறையாகக் கூடினர். 1947 ஆகஸ்டு 14-ஆம் நாள் நள்ளிரவில் சுதந்திரம் பிறந்ததும் அங்கேதான். 165 நாள் அமர்ந்து ஆய்ந்து, 1949 நவம்பர் 26-ஆம் நாள் நம் அரசியலமைப்பை நிறைவேற்றியதும் அங்கேதான். கூடத்தின் சுவரில் பொன்முலாம் பூசிய 12 சின்னங்கள் உள்ளன. பிரிவினைக்கு முன்னிருந்த இந்தியாவின் 12 மாகாணங்களை அவை குறிப்பன. அச்சின்னங்களின் கீழ் அமர்ந்தே, மாகாணங்களின் பழைய எல்லைகளைக் கடந்த ஒரு புதிய நாட்டுக்குச் சட்டம் வகுத்தனர்.

இதனைக் காண மாளிகையை ஆக்கிய இருவரும் உயிரோடில்லை. லட்யன்ஸ் 1944-ஆம் ஆண்டின் முதல் நாளன்று காலமானார். பேக்கர் 1946 பிப்ரவரியில் மறைந்தார். அதே ஆண்டின் முடிவில் அவருடைய நூலகத்தில் ஒரு தேசம் தன் விதியை எழுதத் தொடங்கிற்று.

மன்னர் மன்றத்தின் கதை இதனினும் விந்தையானது. 120 உறுப்பினர் கொண்டது அம்மன்றம். ஆனால் 1937-இல் ஃபெடரல் நீதிமன்றம் அக்கூடத்துக்கு வந்தது. 1950 ஜனவரி 28-ஆம் நாள் சுதந்திர இந்தியாவின் உச்ச நீதிமன்றம் அதே இடத்தில் தன் பணியைத் தொடங்கியது; கணேஷ் பிகாஜி தேவலாலிகர் வரைந்த தன் சொந்தக் கட்டடத்துக்கு 1958-இல் சென்றது. அதன்பின் மன்னர் மன்றம் பாராளுமன்றத்தின் நூலக மண்டபமாயிற்று. நூலகம் மன்றமாயிற்று, மன்றம் நூலகமாயிற்று! முடியரசர்க்கென்று இழைத்த ஆசனத்தில் நீதியும் கல்வியும் அடுத்தடுத்து வந்து அமர்ந்தன. பேக்கரின் கற்பனைக்கு எட்டாத மாற்றம் இது. ஆனால் அம்மாற்றத்தைத் தாங்கும் வலிமை அவர் எழுப்பிய சுவர்களுக்கு இருந்தது.

தாழ்ந்து கட்டியவர்கள்

145 பேருக்கென்று அமைத்த சட்டசபைக் கூடம் 1952-இல் மக்களவையாகி, 489 உறுப்பினர்களுக்கு இடம் தர வேண்டியதாயிற்று. பின்னாளில் அத்தொகை 543 ஆயிற்று. கமிட்டிகள் பெருகின; அலுவலகங்கள் பெருகின; காகிதமோ கணக்கின்றிப் பெருகிற்று. 1956-இல் மேலே மாடி எழுப்பினர். அதுவும் போதாமற் போகவே, அருகில் ஓர் இணைப்புக் கட்டடம் தேவைப்பட்டது. 1970 ஆகஸ்டு 3-ஆம் நாள் குடியரசுத் தலைவர் வி. வி. கிரி அடிக்கல் நாட்ட, 1975 அக்டோபர் 24-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி அதனைத் திறந்து வைத்தார். மத்தியப் பொதுப்பணித் துறையின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஜே. எம். பெஞ்சமின் அதனை அமைத்தவர். இவர் அரசு ஊழியர். நம்மில் பலரைப் போல மாதச் சம்பளக்காரர். அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. ஆனால் பாராளுமன்றக் கமிட்டிகளின் அன்றாட வேலை அவர் கட்டிய அறைகளில் பல்லாண்டு நடந்து வந்தது.

அடுத்து வந்தவர் ராஜ் ரேவால். நூலகத்துக்கு என்று தனிக் கட்டடம் அமைக்கும் பொறுப்பு அவருடையது. 1987 ஆகஸ்டு 15-ஆம் நாள் ராஜீவ் காந்தி அடிக்கல் நாட்டினார். வேலை மெல்ல நகர்ந்து, 2002 மே 7-ஆம் நாள் குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் திறந்து வைத்தார். பழைய மாளிகைக்கு இத்தனை அருகில் ஒரு பெருங்கட்டடம் எழுப்ப வேண்டும். மாளிகையின் தோற்றத்தையும் மறைத்தல் கூடாது. ரேவால் கண்ட வழி யாது? தம் கட்டடத்தைப் பழைய மாளிகையின் அடிப்பீடத்தைவிட உயராதபடி அமைத்து, எஞ்சியதைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டார். மேலே தெரிவன தாழ்ந்த கவிமாடங்கள் மட்டுமே. முற்றங்களின் வழியாகவும் கண்ணாடிக் கவிமாடத்தின் வழியாகவும் வெளிச்சம் கீழே இறங்குகிறது. கல்லும் பழைய மாளிகையின் கல்லுக்கு இசைந்த மணற்கல்லே.

தலைநகரில் கட்டடம் எழுப்பும் எவருக்கும் உயர்ந்து நிற்கும் ஆசை தோன்றும். ரேவால் தாழ்ந்து நின்றார். முன்னோர் கட்டியதற்கு மரியாதை செய்வது என்பது அதைப் போலவே ஒன்றை மீண்டும் கட்டுவதன்று. அதற்கு வழிவிட்டுத் தன் கடமையைக் குறைவின்றிச் செய்வதே என்பதற்கு அந்நூலகம் சான்று.

மீண்டும் முக்கோணம்

இவ்வளவு செய்தும் இட நெருக்கடி தீரவில்லை. மின்கம்பிகளும் குழாய்களும் பழங்கல்லின் மேல் அடுக்கடுக்காய்ப் படர்ந்தன. நிலநடுக்கத்தையும் தீயையும் தாங்கும் உறுதி பற்றிய ஐயமும் எழுந்தது. புதிய கட்டடமே வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. பழையதைப் பழுது பார்த்தால் போதும் என்றும், நகரின் பழைய அமைப்பைக் குலைக்கலாகாது என்றும் வாதாடியவர்களும் உண்டு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2021 ஜனவரி 5-ஆம் நாள் மூன்று நீதிபதிகளுள் இருவர் திட்டத்தை ஏற்றும் ஒருவர் மாறுபட்டும் தீர்ப்பளித்தனர். லட்யன்ஸ்-பேக்கர் வாதம் இருவரோடு முடிந்தது. இவ்வாதத்திலோ குடிமக்கள் பலர் பங்கு கொண்டனர். மக்களாட்சியில் கட்டடம் எழும் முறை இதுவே.

அகமதாபாத்தைச் சேர்ந்த பிமல் படேல் புதிய கட்டடத்தின் கலைஞர். 2020 டிசம்பர் 10-ஆம் நாள் அடிக்கல். 2023 மே 28-ஆம் நாள் திறப்பு. அவ்வாண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் முதல் அவைகள் அங்கே கூடத் தொடங்கின. நிலத்தின் வடிவுக்கேற்ப அவர் தேர்ந்த உருவம் யாது? முக்கோணம்! 1920-இல் குழுவினர் தள்ளிய வடிவம், நூறாண்டு கழித்து, அதே வளாகத்தில், இந்தியர் ஒருவரின் கையால் எழுந்தது. பேக்கரின் முக்கோணத்தைப் பார்த்து எழுதியதன்று இது. எனினும் வட்டத்தின் அருகில் முக்கோணம் நிற்பதைக் காணுந்தோறும், பேக்கரும் லட்யன்ஸும் தம் பழைய வாதத்தை இன்னும் தொடர்கின்றனரோ என்று எனக்குத் தோன்றும். கல்லும் பழைய திசையிலிருந்தே வந்தது. தோல்பூர் மாவட்டத்துச் சர்மதுராவின் மணற்கல் அது. உழைத்தவர்கள் ஏறக்குறைய 60,000 பேர் என்று திறப்பு விழாவில் கூறினர்; அவர்களுக்கென ஒரு காட்சிக்கூடமும் உள்ளே அமைந்தது. 1927-இல் கல்தச்சருக்குக் கிடைக்காத சிறப்பு இது.

மக்களவையில் தலைவரின் ஆசனத்துக்கு அருகில், 1947 ஆகஸ்டில் நேருவிடம் திருவாவடுதுறை ஆதீனத்தார் அளித்த செங்கோல் வைக்கப்பட்டது. சென்னைப் பொற்கொல்லரின் கைவேலையாகிய அது, இடையே நெடுங்காலம் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்தது.

புதிய மக்களவையில் 888 ஆசனங்கள், மாநிலங்களவையில் 384. திறந்த அன்று மக்களவை உறுப்பினரின் எண்ணிக்கையோ 543-தான். எஞ்சிய ஆசனங்கள் எவருக்காக? 1971-ஆம் ஆண்டின் மக்கள் கணக்கை வைத்து மாநிலங்களுக்குரிய இடங்களை 1976-இல் சட்டத் திருத்தத்தால் நிறுத்தி வைத்தனர். 2001-இல் வந்த 84-ஆவது திருத்தம், 2026-க்குப் பின் எடுக்கும் முதற்கணக்கு வரை அதனை நீட்டித்தது. மக்கட்பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு, இடங்களைப் பங்கிடும் முறை கவலை தருவது இயல்பே. கலைஞர் நாற்காலிகளைப் போடலாம். அவற்றில் எவரெவர் அமர்வது என்பதைச் சட்டமே முடிவு செய்யும். 1919-இல் ஒரு சட்டம் கட்டடத்தைப் பிறப்பித்தது. இங்கோ கட்டடம் முன்னதாக வந்து சட்டத்தை எதிர்நோக்கி நின்றது.

புதிய மாளிகையில் பழையதைப் போல நடுக்கூடம் இல்லை. இரு அவைகளும் சேர்ந்து அமர வேண்டுமெனில் மக்களவைக் கூடத்திலேயே அமரலாம். ஆனால் கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் தேநீர் அருந்தி அளவளாவிய பழைய நடுக்கூடத்தை எண்ணி வருந்துவோரும் உண்டு. பழைய மாளிகைக்குச் "சம்விதான் சதன்", அதாவது அரசியலமைப்பு இல்லம், என்று 2023-இல் பெயர் சூட்டினர். பெயர் பொருத்தமானதே. அங்கே அரசாண்டவர் பலர். ஆயினும் அது பெற்ற பெயர் எந்த ஆட்சியாளரின் பெயருமன்று, ஒரு நூலின் பெயர். அந்நூலும் ஒரு நூலகமாயிருந்த கூடத்தில் பிறந்தது.

யாருடைய மாளிகை?

இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. வைசிராய் மாளிகையில் ஓர் உள்ளறை போதும் என்று எண்ணியவர்களின் கணக்கு எட்டு ஆண்டுகளுக்குள் பொய்த்தது. மன்னர்க்கொரு மன்றம் என்று வகுத்தவர்களின் கணக்கு முப்பது ஆண்டில் பொய்த்தது. ஆட்சியாளர் எவ்வளவு இடம் போதும் என்று அளந்தார்களோ, அதைவிட அதிகமான மக்கள் ஒவ்வொரு முறையும் வந்து சேர்ந்தனர். கட்டடக் கலைஞர் ஒவ்வொருவரும் வந்தவர்க்கு இடம் பண்ணிக் கொடுத்தனர். லட்யன்ஸ் வடிவம் தந்தார்; பேக்கர் தோல்வியை ஏற்று அதனை முடித்துத் தந்தார்; பெயரறியாத தச்சர் நடுக்கூடத்தை மாற்றித் தந்தனர்; பெஞ்சமின் வேலைக்கு அறை தந்தார்; ரேவால் வழிவிட்டு நின்றார்; பிமல் படேல் வருங்காலத்தவர்க்கு நாற்காலி இட்டார்.

நம் காலனியில் பொறியியலும் கட்டடக் கலையும் படிக்கும் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். நாளை அவர்களுள் ஒருவர் இவ்வரிசையில் சேரக்கூடும். அப்போது அவர் இரண்டு காரியங்களை மறவாதிருக்க வேண்டுகிறேன். தமக்கு முன்னே ஒருவர் கல் வைத்திருக்கிறார் என்பது ஒன்று. வரைபடத்தில் இடம் பெறாத மக்கள் எந்நாளும் வாயிலில் வந்து நிற்பார்கள், அவர்களுக்கும் ஆசனம் வேண்டும் என்பது மற்றொன்று.